காரக் குப்பியில் நான் ஊற்றிய தண்ணீர்

நான் சந்தேகப்பட்ட மனிதர் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்வார்.

கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தை ஒட்டி, முன்பு தராசுகள் வைத்திருந்த சின்ன அறை ஒன்று. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மரப்பெட்டிக்குள் அடங்கிய ஒரு பி.எச். மீட்டர். எங்கள் கல்லூரிக்கு வாய்த்தது அந்த ஒன்றுதான். காலை எட்டு மணியிலிருந்து பத்து வரை அது எனக்கு. மாலை மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை அவருக்கு. என் நேரத்தில் கதவு மலரத் திறந்து கிடக்கும். அவர் நேரத்தில் உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்.

நாங்கள் இருவரும் டெமான்ஸ்டிரேட்டர்கள். பகல் முழுவதும் மாணவர்களுக்குச் சோதனைக்குழாய் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது, உடைந்த பிப்பெட்டுகளுக்குக் கணக்கு எழுதுவது, அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கிற நேரத்தில் ஆராய்ச்சி. நான் பூதப்பாண்டிக்காரன். நெல் விளைவிக்கிற வீட்டிலிருந்து பஸ் ஏறி நாகர்கோவிலுக்கு வந்து போகிறவன். அவர் நெய்யாற்றின்கரைப் பக்கம். வீட்டில் மலையாளம், எங்களோடு தமிழ். அந்தத் தமிழிலும் பாதி மலையாளம்தான். ஒருவரை ஒருவர் 'சாரே' என்று கூப்பிட்டுக்கொள்வோம். மதியம் ஒரே மேசையில் சோற்றுப் பொதியை அவிழ்ப்போம். சிநேகிதர்கள் என்று சொல்ல முடியாது. ஒரே பேராசிரியரின் கீழ் ஒரே ஆய்வை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டவர்கள் என்று சொல்லலாம்.

ஆய்வு தாமிரத்தைப் பற்றியது. மழைக்காலத்துக்கு முன்னால் ரப்பருக்கும் கமுகுக்கும் அடிக்கிறார்களே, அந்தத் துருசு, மயில்துத்தம், அதைத் தண்ணீரில் கரைத்தால் வெளிர்நீலமாக இருக்கும். அந்த நீலத்துக்குள் தாமிரம் தனியாக இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைவிட நன்றாகப் பிடிக்கத் தெரிந்த ஒரு பொருளைச் சேர்த்தால் தண்ணீர் விலகிக்கொடுக்க, இது போய் ஒட்டிக்கொள்ளும். நிறம் மாறும். எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்பதை ஓர் எண்ணால் சொல்லலாம். நிலைப்பு மாறிலி என்பார்கள். கரைசலில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு தடவையும் அமிலத்தன்மை எவ்வளவு மாறுகிறது என்று மீட்டரில் பார்த்து எழுதி, வரைதாளில் கோடு இழுத்து, பிறகு நாட்கணக்காகக் கணக்குப் போட்டால் அந்த எண் கிடைக்கும்.

எதிலீன் டையமீன், ஆக்சலேட் என்ற இரண்டு பொருட்களை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தாமிரத்தை எப்படிப் பிடிக்கிறது என்று அளப்பது என் பங்கு. இரண்டையும் ஒரே தண்ணீரில் விட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பது அவர் பங்கு. தாமிரம் ஒரே இனத்தில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுமா, அல்லது இனத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி. கறுப்புச் சோழியும் வெள்ளைச் சோழியும் சரிபாதி கிடக்கிற கூடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டு இரண்டிரண்டாக எடுத்தால், இரண்டும் கறுப்பாக வருவதைப்போல இரண்டு மடங்கு தடவை கறுப்பும் வெள்ளையும் கலந்து வரும். அது வெறும் வாய்ப்புக் கணக்கு. தாமிரத்துக்கும் அந்த இரண்டு மடங்குதான் வரும் என்று நான் எதிர்பார்த்தேன்.

அவருக்கு நான்கு மடங்கை நெருங்கி வந்தது. ஒரு தடவை அல்ல. நான்கு தடவை செய்து நான்கு தடவையும் அதே எண்.

பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிடக் கெட்டியாக நிற்கிறது என்றால் அது பெரிய விஷயம்" என்று என்னிடமே நான்கு தடவை சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் எண்களை அடித்தளமாக வைத்துத்தான் அவர் கணக்குப் போடுகிறார். அவருடையது பொய் என்று நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் என் ஆய்வேடும் சேர்ந்து குப்பைக்குப் போகும். நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் இது. பொறாமை என்ற காரணமும் இருந்தது. அதை அன்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நாற்பது பக்கத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. என் நோட்டில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் மை சிந்திக் கிடக்கும்.

"சாரே, உங்க நோட்டில ஒரு வெட்டுக்குத்தும் காணல்லியே?" என்று கேட்டேன்.

"ஆத்யம் துண்டுக் காகிதத்தில எழுதும். பின்ன நோட்டில பாத்து எழுதும். அத்ரதான்."

"அந்தத் துண்டுக் காகிதம் எல்லாம் எங்க?"

"அது எதுக்கு சாரே இப்ப?" என்று சிரித்துவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் செய்கிற ஒவ்வொன்றுக்கும் எனக்கு இரண்டு அர்த்தம் தெரிய ஆரம்பித்தது. கதவை ஏன் சாத்துகிறார்? கேட்டால் ஆரல்வாய்மொழிக் காற்று என்றார். ஆனி ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஜன்னல் கொக்கியைப் பிடுங்கிவிடும். ஆள் பக்கத்தில் நடந்தாலே மீட்டரின் முள் துள்ளும், காற்றில் கேட்க வேண்டாம் என்றார். அது உண்மைதான். எனக்கும் முள் துள்ளுவதுண்டு. ஆனாலும் நான் கதவைச் சாத்தியதில்லையே என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் நோட்டைப் பையில் வைத்து எடுத்துப்போகிறாரே, ஏன்?

அது ஐம்பத்து நான்காம் வருஷம். எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர் கொச்சியோடேயே இருப்பதா, தமிழ் ராஜ்யத்தோடு சேர்வதா என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. போலீஸ் லாரிகள் மேற்கே போவதும் வருவதுமாக இருந்தன. மாணவர்கள் பாதி நாள் வகுப்புக்கு வரவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனின் பேச்சை ஓர் அரை நிமிஷம் கேட்டு, எந்தப் பக்கத்துக்காரன் என்று தெரிந்த பிறகுதான் வாய் திறப்பார்கள். முடிவெட்டுகிற கடையில் ஒருநாள் கடைக்காரர் கத்திரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"உம்ம கூட ஒரு மலையாளத்தான் இருக்கானே ஓய், கதவ அடச்சிட்டு உள்ள என்னத்த எழுதுகான்? சனிக்கெழம சனிக்கெழம எங்க கொண்டுபோயி குடுக்கான்? கேட்டேரா?"

"ஆராய்ச்சி எழுதுகாரு" என்றேன்.

"ஆராய்ச்சியா?" என்று அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "நீரு படிச்சவரு. நீரே நம்புகேரு."

கதவுக்குள் நடப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் சொன்னது எனக்கு ஏற்கெனவே இருந்த எண்ணத்துக்கு ஒத்தாசையாக இருந்தது.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவரைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் பயன்படுத்துகிற காரக் கரைசல் இரண்டு லிட்டர் குப்பியில் தனியாக இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, புதிதாகக் கரைத்து நிரப்பி, எடை பார்த்து எடுத்த உப்பைக்கொண்டு அதன் வலிமையைச் சரிபார்ப்பார். பிறகு அந்த வாரம் முழுவதும் அதே எண்ணை நம்பி வேலை செய்வார். செவ்வாய்க்கிழமை அந்தக் குப்பியில் கொஞ்சம் தண்ணீரைக் கலந்துவிட்டால் காரம் நீர்த்துப்போகும். பத்து மில்லியில் முடிய வேண்டிய சோதனை பத்தரையில் முடியும். அவர் உண்மையிலேயே சொட்டுவிட்டுப் படித்து எழுதுகிறவராக இருந்தால் நோட்டில் பத்தரை இருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த எண்களை எழுதுகிறவராக இருந்தால் தண்ணீர் விட்டது அவருக்கு எப்படித் தெரியும்? பழையபடி பத்துதான் எழுதுவார்.

யோசித்தபோது இது எனக்கு மிகச் சாமர்த்தியமாகத் தோன்றியது.

மதியம் மாணவர்கள் சாப்பிடப் போன நேரம். அவரும் தபாலாபீசுக்குப் போயிருந்தார். வாலையில் வடித்த சுத்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அளவு ஜாடியில் நூறு மில்லி எடுத்து, குப்பியின் மூடியைத் திறந்து ஊற்றிக் குலுக்கினேன். கொதிக்கவைத்தது எதற்கென்றால், காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்த தண்ணீர் காரத்தைக் கெடுக்கும். கெடுதல் செய்யும்போதும் அதைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று என் படிப்பு சொல்லியிருந்தது போலும்.

புதன்கிழமை காலை அவர் வருவதற்கு முன் அவர் நோட்டைத் திறந்தேன். முந்தின நாள் மாலையின் பக்கம். கடைசி வரியில் பத்தரை மில்லியும் சொச்சமும். அதற்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

அவர் பொய் எழுதுகிறவர் அல்ல. எனக்கு அது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அப்போதே போய்ச் சொல்லியிருந்தால் இதை நான் எழுத வேண்டியதே இல்லை. ஒரு சிரிப்போடு முடிந்திருக்கலாம். ஒரு சண்டையோடு முடிந்திருக்கலாம். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே புதன்கிழமை போய்விட்டது.

வியாழக்கிழமை அவர் மறுபடி செய்தார். மறுபடியும் பத்தரை. காரத்தின் வலிமையைச் சரிபார்த்தார். குறைந்திருந்தது. மூன்று தடவை பார்த்தார். ஐந்தரை மணிக்கு வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"சாரே, குப்பியில ஆரோ வெள்ளம் சேத்திருக்கு" என்றார். வெள்ளம் என்றால் தண்ணீர். "ஒரு மாசத்த வேல. எப்ப தொட்டு சேக்கத் தொடங்கினாங்கன்னு தெரியாதே. எல்லாம் சந்தேகம் ஆயிப்போச்சு."

எனக்குத் தெரியும், ஒரே ஒரு நாள்தான் என்று. நான் வாயைத் திறந்து, "காத்துப்பட்டு கெட்டிருக்குமோ?" என்று கேட்டேன்.

"காத்துப்பட்டா இத்ர குறையாது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியர் எங்கள் இருவரையும் அட்டெண்டரையும் கூப்பிட்டார். அட்டெண்டருக்கு நாற்பது வயது இருக்கும். தென்தாமரைக்குளம் பக்கத்திலிருந்து வருகிறவர். அய்யா வழிக்காரர். நெற்றியில் நேராக வெள்ளை நாமம் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. ஆய்வுக்கூடத்துச் சாவி அவரிடம்தான் இருக்கும். மதிய நேரத்தில் அங்கே இருப்பவரும் அவர்தான்.

பேராசிரியர் அதற்குள் தனக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடித்திருந்தார். "குப்பியைத் தட்டிவிட்டுச் சிந்தியிருக்கிறாய். தெரியக் கூடாதென்று தண்ணீர் விட்டு நிரப்பியிருக்கிறாய். ஆமாவா இல்லையா?"

"இல்ல சார்."

"பின்னே தண்ணீர் தானாக நடந்து வந்ததா?"

"அய்யா அறிய, நா ஊத்தல்ல சார்."

அட்டெண்டர் பேராசிரியரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் பார்வை ஏன் என்மேல் நிற்கிறது என்று அப்போது யோசித்தேன். யோசித்துவிட்டு, தற்செயல் என்று வைத்துக்கொண்டேன்.

"இனிமேல் ஆய்வுக்கூடத்துக்குள் வர வேண்டாம். திங்கட்கிழமை பிரின்சிபாலுக்கு எழுதப்போகிறேன்" என்றார் பேராசிரியர். அட்டெண்டர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். என் கூட்டாளிக்கு அது பிடிக்கவில்லை. "அவரு செய்தது தான்னு உறப்பில்லல்லோ சாரே" என்று வராந்தாவில் என்னிடம் சொன்னார். உறுதியில்லை என்கிறார். நான் "ம்" என்றேன்.

சனிக்கிழமை வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி இரண்டு தடவை கேட்டாள். "என்ன, காலேஜில ஏதாவது தகராறா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா மோரு விட்ட சோறு எப்பிடி அப்பிடியே இருக்கும்?" என்றாள். அவளும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டேன். நாகர்கோவில் போய், அங்கிருந்து சுசீந்திரம், அங்கே ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு விசாரித்து விசாரித்து அட்டெண்டரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். போய் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. வீட்டு நிலைமையைப் பார்த்து, வேறு வேலை ஏதாவது ஏற்பாடு செய்து கொடுத்தால் உண்மையைச் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்ற நினைப்புகூட வழியில் வந்தது.

அவர் தென்னை ஓலை வைத்து வேலி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கல்லூரியில் நான் போனால் எழுந்து நிற்கிறவர்.

"நீங்க என்னத்துக்கு வந்திய?"

"சும்மா. பாத்திட்டுப் போலாம்னு."

"பாத்தாச்சுல்லா."

அவர் மனைவி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. எங்கள் சாதி ஆட்கள் அவர்கள் வீட்டில் கைநனைப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கேட்டு நான் வேண்டாம் என்று சொன்னால் அது ஒரு அவமானம். நானும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் அவர் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"செவ்வாக்கெழம உச்சைக்கு, பிள்ளைய எல்லாம் சாப்பிடப் போயிருந்தப்ப, அந்தக் குப்பி பக்கத்தில நின்னியளே. கையில அளவு ஜாடி இருந்து. நா ஜன்னல் வழியா கண்டேன்."

சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கெழம ஏன் சொல்லல்ல?"

"யாருகிட்ட? பெரிய சார்கிட்டயா? நீங்க இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா என் சொல்லு நிக்குமா? சிந்தினவன்னு ஒரு பேரு இருக்கு. பொய்யன்னு இன்னொரு பேரும் சேந்து வந்திரும். நீங்களே சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க கையக் கட்டிக்கிட்டுல்லா நின்னிய."

நான் சைக்கிளைத் தென்னையில் சாய்த்து நிறுத்தினேன்.

"அந்த வடக்கத்தி சாரை இங்கயிருந்து ஓட்டத்தான செஞ்சிய? ஊரெல்லாம் அப்பிடித்தான பேசுகு. அவரு வேல கெட்டா அவரு போயிருவாரு. அதுக்கு நா எடயில மாட்டிக்கிட்டேன்."

"இல்ல, அதுக்கில்ல. அவரு கள்ளக் கணக்கு எழுதுகாரான்னு பாக்கத்தான் ஊத்தினேன்."

"எழுதினாரா?"

"இல்ல."

"அது உங்களுக்கு எப்பம் தெரிஞ்சு?"

"புதன்கெழம."

"புதன்கெழம" என்று அவர் திருப்பிச் சொன்னார். ஓர் ஓலையை எடுத்து வைத்துக் கட்டினார். அடுத்த ஓலையையும் கட்டினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கேட்டது என்னை விடவில்லை. என் கூட்டாளியை ஓட்டத்தான் செய்தேனா? இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் நாஞ்சில் நாட்டுக்காரராக இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அடித்தல் இல்லாமல் நோட்டு எழுதியிருந்தால் நான் குப்பியைத் திறந்திருப்பேனா?

திங்கட்கிழமை காலை பேராசிரியர் அறைக்குப் போகும் முன் என் கூட்டாளியை வராந்தாவில் நிறுத்தினேன். காலையிலேயே காற்று ஆரம்பித்திருந்தது. சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"சாரே, குப்பியில தண்ணி விட்டது நாந்தான்."

அவருக்கு முதலில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார்.

"எத்ர மில்லி?"

"நூறு."

"எப்ப?"

"செவ்வாய்க்கெழம மத்தியானம். ஒரே ஒரு தடவதான். வாலத் தண்ணி, கொதிக்கவச்சது."

அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, தபால் உறை ஒன்றின் பின்பக்கத்தில் அங்கேயே நின்று கணக்குப் போட்டார். இரண்டு நாள் எழுதியவற்றை அதற்குத் தக்கபடி குறைத்துப் பார்த்தார். "அப்ப சரியாயிட்டு வருது" என்றார். "பழைய எண் தன்னே." அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஒரு மாத வேலை பிழைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் செய்தது என்ன என்பது அவருக்கு உறைத்தது. பென்சிலைத் திரும்பப் பையில் வைத்தார்.

"எதுக்கு சாரே?"

"உங்க எண்ண நான் நம்பல்ல."

"சோதிச்சிருக்கலாமே. மீட்டர் காலத்து எட்டு மணி தொட்டு உங்க கையில தானே இருந்து. என் கரைசல எடுத்து நீங்களே செய்து பாத்திருந்தா ரெண்டு மணிக்கூர்ல தீந்திருக்கும்."

உண்மை. இரண்டு மணி நேர வேலை. அது எனக்குத் தோன்றவே இல்லை. தாமிரம் என்ன செய்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை இருந்திருக்கவில்லை. அவர் என்ன செய்கிறார் என்றுதான் பார்க்க விரும்பியிருக்கிறேன்.

பேராசிரியரிடம் இருவரும் சேர்ந்து போனோம். நான் சொல்லி முடித்ததும் அவர், அந்த வருஷம் முழுவதும் மீட்டர் அறைக்குள் நான் கால்வைக்கக் கூடாது என்றார். அட்டெண்டரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அட்டெண்டர் மறுநாள் வந்தார். பேராசிரியர் சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்தார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அதை நான்தான் சொன்னேன், ஸ்டோர் ரூமில் வைத்து. அட்டெண்டர், "செரி" என்றார். அவ்வளவுதான். பிறகு அவர் எனக்கு வாலைத் தண்ணீர் கொண்டுவரும்போதெல்லாம், குப்பியை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டு, மூடியைச் சுட்டிக்காட்டி, "பாத்துக்கிடுங்க சார், அடச்சபடி இருக்கு" என்று சொல்வார். அவர் ஓய்வு பெறும்வரை அந்த வழக்கம் மாறவில்லை.

என் கூட்டாளி சண்டை போடவில்லை. பிரின்சிபாலுக்குப் புகார் எழுதவும் இல்லை. மறுநாளிலிருந்து அவருடைய காரக் குப்பியின் மூடிமேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. அதில் அவருடைய கையெழுத்தும் தேதியும். மாலையில் வேலை முடிந்ததும் புதுப் பட்டை, புதுக் கையெழுத்து. மதியம் முன்போலவே ஒரே மேசையில் சோற்றுப் பொதியை அவிழ்த்தோம். மாங்காய் ஊறுகாயை முன்போலவே என் பக்கம் தள்ளினார். குப்பியின் பட்டை மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

அந்த மாதமே மேற்கே துப்பாக்கிச்சூடு நடந்தது. சில நாட்கள் கல்லூரி திறக்கவில்லை. திறந்த பிறகு அவர் ஒரு வாரம் வரவில்லை. இனி வரமாட்டார் என்றார்கள் சிலர். வந்தார். முடிவெட்டுகிற கடைக்காரர் என்னிடம், "இன்னும் இருக்கானா அவன்?" என்று கேட்டார். "அவரு இருக்கட்டும், நீரு வேலயப் பாரும்" என்றேன். அதற்குமேல் பேச எனக்கு அப்போது தைரியம் இருக்கவில்லை.

என்னை ஒதுக்கிவைத்த வருஷம் முடிந்ததும், ஐம்பத்தைந்தில், மீட்டர் அறைக்குள் திரும்பப் போனேன். முதல் வேலையாக, என் கையாலேயே கரைசல் தயாரித்து, இரண்டு பொருளையும் ஒரே தண்ணீரில் விட்டு அளந்தேன். அன்று கதவைச் சாத்திக்கொண்டேன், முள் அடங்கி நின்றது. தனித்தனி எண்களிலிருந்து கணக்குப்படி வர வேண்டிய கோட்டை முதலிலேயே வரைதாளில் பென்சிலால் போட்டு வைத்திருந்தேன். நான் அளந்த புள்ளிகள் ஒவ்வொன்றும் அதற்குக் கீழே, கீழே என்று இறங்கி விழுந்தன. பிடிப்பு இறுக இறுகப் புள்ளி கீழே இறங்கும். தாமிரம் இனத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, வாய்ப்புக் கணக்கு சொன்னதைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் எழுதிய எண்ணேதான். இதை அவரிடம் போய்ச் சொன்னபோது, "சந்தோஷம் சாரே" என்றார். கேலியாகச் சொல்கிறாரா என்று ஒரு கணம் பார்த்தேன். கேலி இல்லை.

அவர் ஆய்வேட்டை முதலில் கொடுத்தார். நான் ஒரு வருஷம் பின்தங்கிக் கொடுத்தேன்.

ஐம்பத்தாறு நவம்பரில் தாலுகாக்கள் பிரிந்தன. எங்களுடையது தமிழ் ராஜ்யத்தோடு சேர்ந்தது, அவருடைய ஊர் அந்தப் பக்கம் நின்றது. அவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்திருந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் மேசை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, இரண்டு வருஷமாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"சாரே, அன்னைக்கு நீங்க ஏன் எனக்கெதிரா புகார் எழுதல்ல?"

அவர் டிராயரின் அடியிலிருந்து நூல் சுற்றிய ஒரு காகிதக் கட்டை எடுத்தார். துண்டுக் காகிதங்கள். எல்லாம் அவர் கையெழுத்து. ஆனால் அவருடைய சோதனைகள் அல்ல. என்னுடையவை. எதிலீன் டையமீன் தனியாக, ஆக்சலேட் தனியாக, ஒவ்வொரு வரியும்.

"ஐம்பத்து மூணு ஓணம் லீவில நான் உங்க எண்ண முழுதும் திருப்பிச் செய்து பாத்து" என்றார். "எனக்கும் அப்ப உங்க எண்ணில நம்பிக்கை இல்ல சாரே. நோட்டு முழுதும் மை. இவரு என்ன செய்யுது, சரியாத்தான் படிக்குதான்னு. உங்ககிட்ட சொல்லல்ல. பின்ன நான் எங்கன உங்க மேல புகார் எழுதும்?"

நான் கட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பதினைந்து நாள் லீவை வீட்டுக்குப் போகாமல் இதில் கழித்திருக்கிறார்.

"எப்பிடி இருந்து?" என்று கேட்டேன்.

"எல்லாம் சரி. ஆக்சலேட்டில ரெண்டாவது எண்ணில மட்டும், ரெண்டாம் தசமத்தில ஒரு தப்பு. கூட்டினதில வந்தது. என் கணக்கில நான் திருத்தி எடுத்துக்கிட்டேன். சொன்னா நீங்க வருத்தப்படும்."

கட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். மறுநாள் காலை பெட்டியோடு பஸ் ஏறினார். நான் ஏற்றிவிடப் போயிருந்தேன். கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "எழுதணும் சாரே" என்றார். இருவரும் சில வருஷம் எழுதிக்கொண்டோம்.

பஸ் போன பிறகு நான் நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். பழைய நோட்டை எடுத்து, அவர் சொன்ன பக்கத்தைத் திறந்து, கூட்டலை மேலிருந்து கீழாக ஒரு தடவையும் கீழிருந்து மேலாக ஒரு தடவையும் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நான் நான்கு எழுதியிருந்தேன்.